டிரயல் நான்தான் பார்ப்பேன்

பெரம்பலூரில் அரியலூர் ரோடு பிரியும் இடத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால், அரியமுத்துவின் பட்டறை வாசலில் ஒரு தகர போர்டு தொங்கும். 'டிரயல் நான்தான் பார்ப்பேன். சம்மதம் இல்லாதவர்கள் வண்டியை உள்ளே விட வேண்டாம்.' வெளியூர் லாரிக்காரர்கள் இதைப் படித்துவிட்டுச் சிரிப்பார்கள். வேலை செய்த மெக்கானிக்தான் வண்டியை ஓட்டிப் பார்த்துக் கொடுப்பான், இது ஊர் உலகத்தில் உள்ள வழக்கம், இதற்குப் போய் ஒரு போர்டா, இந்த ஆளுக்கு மண்டைக்கனம் என்பார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். உனக்கு என்னடா தெரியும் என்று கேட்டு இரண்டு மூன்று முறை கைகலப்பு வரைக்கும் போயிருக்கிறேன். அந்த போர்டு அங்கே தொங்குவதற்கு நானும் ஒரு காரணம். நல்ல காரணமாக இருந்திருந்தால் எனக்கு இத்தனை கோபம் வராது.

அரியமுத்து பூலாம்பாடிப் பக்கத்துக் காலனியில் பிறந்தவன். அம்மா வீராயி ரோட்டு வேலைக்கு ஜல்லி உடைத்தவள். அப்பன் இருந்தும் இல்லாத மாதிரிதான். பதினைந்து வயதில் அரியலூருக்குப் போய், சுண்ணாம்புக்கல் ஏற்றுகிற லாரியில் கிளீனராகச் சேர்ந்தான். அந்தக் காலத்துக் குவாரிப் பாதை பாதையே இல்லை. பள்ளத்திலிருந்து கல்லோடு மேலே ஏறும்போது பின் சக்கரங்களைச் சேர்க்கிற ஆக்ஸில் முனகும். தம் கட்டி ஏறிவிட்டால் பிழைத்தோம். இல்லாவிட்டால் உள்ளே இருக்கிற கிரவுன் சக்கரத்தின் பல் நொறுங்கி, லாரி அங்கேயே படுத்துவிடும். வாரத்துக்கு ஒரு லாரியாவது இப்படிப் படுக்கும். படுத்த லாரிக்கு அடியில் முதலில் புகுகிறவன் இவன்தான்.

அப்படித்தான் கற்றுக்கொண்டான். யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. கிரவுன் என்பது பெரிய பல்சக்கரம், பினியன் என்பது சின்னது. என்ஜினிலிருந்து வருகிற இரும்புத் தண்டு பினியனைச் சுற்றும், பினியன் கிரவுனைச் சுற்றும், கிரவுன் சக்கரங்களைச் சுற்றும். அந்த இரண்டு பல்லுக்கும் நடுவில் முடி அளவு இடைவெளி இருக்க வேண்டும். கூடினால் தட்டும், குறைந்தால் ஊளையிடும். அந்த முடி அளவை அரியமுத்து விரல் நுனியில் வைத்திருந்தான். எழுபத்திரண்டில் பெரம்பலூரில் சொந்தமாகப் பட்டறை போட்டபோது, குவாரி லாரிக்காரர்கள் அரியலூரிலிருந்து இருபது மைல் வண்டியை உருட்டிக்கொண்டு இவனைத் தேடி வந்தார்கள். கிரவுன் அரியமுத்து என்றால் போதும், சின்னப் பிள்ளைகூட இடத்தைக் காட்டும்.

நான் பிச்சைமுத்து. அப்போது உடையார்பாளையத்துக்குக் கிழக்கே ஒரு ஊரில் தங்கசாமி என்கிற பெரிய பண்ணைக்கு டிரைவர். ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன், சொன்னால் இன்றைக்கும் அடிக்க வருவார்கள். முதலாளியிடம் ஒரு பழைய பிளைமவுத் கார் இருந்தது. அவர் அப்பா காலத்தில் மெட்ராஸில் வாங்கியது. கறுப்பு நிறம், யானைக்குட்டி மாதிரி உடம்பு. அந்தக் கார் தெருவில் வந்தால் சைக்கிளில் போகிறவன் இறங்கி நிற்பான். நிற்க வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. நிற்காவிட்டால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும், அவ்வளவுதான். அந்தக் காரை ஓட்டுகிறவன் என்பதால் எனக்கும் கொஞ்சம் கொம்பு முளைத்திருந்தது.

கிரீஸ் அடிக்க, குலுக்கலைத் தாங்குகிற கமான் பட்டை மாற்ற எல்லாம் காரை அரியமுத்துவிடம்தான் கொண்டுபோவேன். டிரைவர் சீட்டுக்குக் கீழே தரைத் தகடு துருப்பிடித்து உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஓட்டை இருந்தது. அவன் அடியில் மல்லாந்து படுத்து வேலை செய்வான், நான் மேலே சீட்டில் கால் நீட்டி உட்கார்ந்திருப்பேன், இரண்டு பேரும் அந்த ஓட்டை வழியாகப் பேசிக்கொள்வோம். கல்யாணம் ஆனதை, பெண்டாட்டி இருசம்மாள் முழுகாமல் இருப்பதை, மூத்த பெண் பிறந்ததை எல்லாம் அவன் எனக்கு அந்த ஓட்டை வழியாகத்தான் சொன்னான். நாலு வருஷம் இப்படியே பேசியிருக்கிறோம். ஒரு நாளாவது மேலே வந்து உட்காரப்பா என்று நான் சொன்னதில்லை. சொல்லத் தோன்றவே இல்லை. இப்போது நினைத்தால் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

பெட்ரோல் விலை ஏறியது. ஏறிக்கொண்டே போனது. பிளைமவுத் பெட்ரோலை மடக் மடக்கென்று குடிக்கிற வண்டி. முதலாளி திருச்சியில் ஒரு பட்டறையில் விட்டு, பெட்ரோல் என்ஜினைத் தூக்கிவிட்டு டீசல் என்ஜின் வைத்தார். அப்போது பாதி அமெரிக்கக் காரெல்லாம் அப்படித்தான் மாறின. செலவு குறைந்தது, ஆனால் வேகம் போய்விட்டது. முன்பு அறுபது மைல் வேகத்தில் பறந்த கார், இப்போது நாற்பதைத் தாண்டவில்லை. அதற்கு மேல் மிதித்தால் என்ஜின் அலறியது.

முதலாளிக்குத் திருச்சி கோர்ட்டில் நிலத்தகராறு நடந்துகொண்டிருந்தது. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வாய்தா. ஒரு நாள் போகும்போது எங்கள் ஊர் வழியாக வருகிற பஸ் எங்களை முந்தியது. அவருடைய வயலில் நடவு நடுகிறவர்கள், வண்டி ஓட்டுகிறவர்கள் எல்லாம் அந்த பஸ்ஸில் இருந்தார்கள். ஜன்னல் வழியாகத் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தரும் சிரிக்கவில்லை, பார்த்தார்கள், அவ்வளவுதான். முதலாளி முகத்தில் ஈயாடவில்லை. திரும்பி வரும்போது, என்ன செலவானாலும் சரி, இந்தக் காரை இனி எந்த பஸ்ஸும் முந்தக் கூடாது என்றார்.

அரியமுத்து காரைப் பார்த்தான். பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கினான். இரண்டு சக்கரத்திலும் சாக்பீஸால் கோடு போட்டான், இரண்டையும் சேர்த்து ஒரு சுற்றுச் சுற்றச் சொன்னான், அடியில் தண்டு எத்தனை சுற்றுகிறது என்று எண்ணினான். நாலேகால். என்ஜின் மேல் தப்பில்லை, பின்னால்தான் இருக்கிறது கோளாறு என்றான். பெட்ரோல் என்ஜின் வேகமாகச் சுற்றும், நாலேகால் கேட்டால் கொடுக்கும். டீசல் என்ஜினுக்கு இழுவை உண்டு, அந்தச் சுற்று கிடையாது. சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு மூன்று அல்லது மூன்றேகால் சுற்று மட்டும் கேட்கிற ஆக்ஸில் ஒன்று கிடைத்தால், அதே என்ஜினில் கார் ஐம்பதில் போகும். இது திருச்சிப் பட்டறைக்காரன் ஒருத்தனுக்கும் தோன்றவில்லை.

ஆக்ஸில் திருச்சியில் பழைய இரும்புக் கடையில்தான் கிடைக்கும். முதலாளி அடுத்த வாய்தாவுக்குப் போகும்போது வாங்கிவிடலாம் என்று பேச்சு. அப்போது அரியமுத்து சாதாரணமாகச் சொன்னான்.

"நான் வந்து பாத்துத்தான் எடுக்கணும் சார். உங்க வண்டி எப்படியும் திருச்சிக்குத்தானே போவுது, முன்னாடி டிரைவர் அண்ணன் பக்கத்துல ஏறிக்கிறேன்."

சாமி என்றோ ஐயா என்றோ அவன் சொல்லவில்லை. சார் என்றான். முதலாளி அவனைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். "பிச்சை, நீயே பாத்து வாங்கிட்டு வந்துடு" என்றார். அரியமுத்து என் பக்கம் திரும்பினான். எண்ணுவது எப்படி என்று எனக்கு இரண்டு முறை சொல்லிக் கொடுத்தான்.

நான் பெரிய புத்திசாலி என்கிற நினைப்பு எனக்கு. போனேன். மலை மாதிரிக் குவித்திருந்த இரும்பில் ஒரு ஆக்ஸில் அளவாகக் கண்ணில் பட்டது. அதில் ஒரு பக்கத்துச் சக்கரம் துருவேறி இறுகிக் கிடந்தது, அசையவில்லை. சரி, மற்றதைச் சுற்றினால் போதாதா என்று அந்த ஒன்றை மட்டும் ஒரு சுற்றுச் சுற்றி எண்ணினேன். மூன்றேகால். கேட்டது அப்படியே கிடைத்துவிட்டது. குதியாட்டம் போட்டுக்கொண்டு அதை ஒரு லாரியில் ஏற்றி பெரம்பலூருக்கு அனுப்பினேன். அரியமுத்து இறுகிய சக்கரத்துக்கு மண்ணெண்ணெய் ஊற்றி, தட்டி விடுவித்து, இரண்டையும் சேர்த்துச் சுற்றினான். ஆறரை வந்தது. ஒரு சக்கரம் நின்று ஒன்று மட்டும் சுற்றினால் பாதிக் கணக்குத்தான் காட்டும். அது தெரியாமல் நான் மூட்டை ஏற்றுகிற வேனுடைய ஆக்ஸிலை வாங்கி வந்திருக்கிறேன்.

"இதை மாட்டுனா உங்க காரை மாட்டுவண்டி முந்திடும்ணே" என்றான் அரியமுத்து. அவன் சிரித்த சிரிப்பில் எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. முதலாளி என்னைப் பிடித்த பிடி வேறு கதை.

வேறு வழியில்லை, அடுத்த முறை அவனே வர வேண்டும். ஆனால் காரில் வரச் சொல்லவில்லை. பஸ்ஸில் வரச் சொல்லு என்று முதலாளி என்னிடம் சொன்னார், நான் போய் அவனிடம் சொன்னேன். அன்றைக்கு நாங்கள் பெரம்பலூரிலிருந்து கிளம்பிய பிறகுதான் அவன் பஸ் ஏறினான். பாடாலூருக்கு முன்னாலேயே அந்த பஸ் பின்னால் வந்து ஹாரன் அடித்தது. நான் ஒதுங்கினேன். முன் ஜன்னல் ஓரத்தில் அரியமுத்து, வெள்ளைச் சட்டையில். எங்களைப் பார்த்து மரியாதையாக ஒரு கையை உயர்த்தினான். அதில் கிண்டல் இருந்ததா இல்லையா என்று இன்று வரை எனக்குத் தெரியாது. முதலாளிக்குத் தெரிந்துவிட்டது. காதோரம் சிவந்துபோனது. நாங்கள் கடைக்குப் போய்ச் சேர்ந்தபோது அவன் ஆக்ஸிலைத் தேர்ந்தெடுத்து, எண்ணிப் பார்த்து, டீ குடித்து முடித்திருந்தான். ஏதோ பெரிய அமெரிக்கக் காருடையது. மூன்றேகால், இந்த முறை நிஜமான மூன்றேகால்.

வேலை ஆறு நாள் ஆனது. ஆக்ஸில் இரண்டு அங்குலம் அகலம் கூடுதல். கமான் பட்டை உட்காருகிற இடத்தை அறுத்துத் தள்ளி வெல்டிங் வைத்தான். பிரேக்கை மாற்றினான். என்ஜின் பக்கமிருந்து ஆக்ஸிலுக்கு வருகிற தண்டை நாங்கள் ஜாயிண்ட் என்போம். அதை லேத்தில் கொடுத்துக் குட்டையாக்கினான். கிரவுனும் பினியனும் சேருகிற இடத்தில் மட்டும் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தான். காகிதத் தடிப்பில் தகடுகளை ஒன்று போடுவான், ஒன்று எடுப்பான், பல் எங்கே படுகிறது என்று நீலம் தடவிச் சுற்றிப் பார்ப்பான், மறுபடி கழற்றுவான். ஆறாம் நாள் இருசம்மாள் சாப்பாடு கொண்டுவந்து ஒரு மணி நேரம் நின்று பார்த்துவிட்டு, பெற்ற பெண்ணைக்கூட இவ்வளவு நேரம் பார்த்ததில்லை என்று திட்டிவிட்டுப் போனாள்.

அவனிடம் ஒரு பழக்கம் உண்டு. ஜாயிண்டைக் கடைசியாக ஆக்ஸிலோடு சேர்ப்பது நாலு போல்ட். அந்த நாலு போல்ட்டை டிரயலுக்கு முந்தின நிமிஷம்தான் முடுக்குவான். முடுக்கியதும் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு டிரைவர் சீட்டில் உட்காருவான். அரியலூர் வரை போய்த் திரும்புவான். பத்தாவது மைலில் நிறுத்தி, இறங்கி, ஆக்ஸில் மேல் உள்ளங்கையை வைத்து பத்து எண்ணுவான். பத்து வரைக்கும் கை தாங்கினால் வேலை சரி. நாற்பது மைல் ஓடி, சூடும் சத்தமும் தெரிந்த பிறகுதான் வண்டி அவன் கையை விட்டுப் போகும். குவாரி லாரியோ மந்திரி வண்டியோ, யாருக்கும் இதில் சலுகை கிடையாது.

ஏழாம் நாள் காலையில் முதலாளி வந்தார். மறுநாள் வாய்தா, கார் கட்டாயம் வேண்டும். வந்தவர் நேராகப் பின் கதவைத் திறந்து உட்கார்ந்தார். என்னை ஏறி எடுக்கச் சொன்னார். நான் ஏறினேன். எனக்கு அந்தப் பழக்கம் தெரியும், தெரிந்தும் ஏறினேன். ஸ்டார்ட் செய்தேன், கியர் போட்டேன், கிளட்ச்சை விட்டேன். என்ஜின் உறுமியது. கார் அசையவில்லை. மறுபடி போட்டேன். அசையவில்லை. வெளியே தலையை நீட்டினால், அரியமுத்து பட்டறைத் தூணில் சாய்ந்து நின்று, ஜாயிண்டைக் குழந்தையைப் போல இரண்டு கையில் ஏந்தி எண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டிருக்கிறான். காருக்கு அடியில் அதற்கான இடம் காலியாக இருக்கிறது.

"டிரயல் நான் பாக்கணும் சார்" என்றான். "பாத்துட்டுக் குடுத்துடுறேன்."

முதலாளி பின் சீட்டிலிருந்தே, தன்னுடைய டிரைவர் ஓட்டினால் போதும், நீ மாட்டிவிடு என்றார். பல் சேர்த்தவனுக்குத்தான் அதன் சத்தம் தெரியும், டிரைவர் அண்ணனுக்குத் தெரியாது, பழுதானால் கெட்ட பெயர் எனக்குத்தான் என்றான் அரியமுத்து. அதையெல்லாம் நான் சொன்னால்தான் நீ பேச வேண்டும் என்றார் அவர். இப்படியே கொஞ்ச நேரம் போனது. ஆட்கள் சேர ஆரம்பித்தார்கள். கடைசியில் அவர் உள்ளே இருந்ததைக் கொட்டிவிட்டார்.

"நீ சீட்டுல உக்காந்துட்டா நாளைக்கு எங்க வூட்டுப் பொம்பளைங்க எங்கடா உக்காருவாங்க?"

"அதே சீட்டுலதான் சார்" என்றான் அரியமுத்து.

அவன் குரலை உயர்த்தவில்லை. இதே பேச்சை முதலாளியின் ஊரில் பேசியிருந்தால், அன்றைக்கு ராத்திரி காலனியில் எத்தனை கூரை மிஞ்சியிருக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் இது பெரம்பலூர் மெயின் ரோடு. கண்ணுக்கெட்டிய தூரத்தில் போலீஸ் ஸ்டேஷன். பட்டறைக்கு முன்னால் மூன்று குவாரி லாரி நின்றது, அந்த டிரைவர்கள் இறங்கி வந்து, பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு வரிசையாக நின்றார்கள்.

முதலாளி என்னிடம் திரும்பினார். அவன் கையிலிருந்து அதை வாங்கி நீயே மாட்டுடா என்றார். நாலு போல்ட்தானே, எனக்கும் முடுக்கத் தெரியும். இறங்கினேன். அரியமுத்துவை நோக்கி நடந்தேன். இரண்டு அடி தூரம் இருக்கும்போது அவன் என்னைப் பார்த்தான்.

"நீங்களாண்ணே?"

அவ்வளவுதான் கேட்டான். என் கால் அங்கேயே நின்றுவிட்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. அவன் பக்கம் போய் நின்றேன் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். பொய் சொல்ல மாட்டேன். எட்டுப் பிள்ளை பெற்ற அப்பனுக்கு நான் மூத்த மகன், அந்த வேலை போனால் வீட்டில் உலை கொதிக்காது. நடுரோட்டில் தூண் மாதிரி நின்றேன். அப்படி நின்றதற்குத்தான் பின்னால் என்னை வேலையை விட்டு அனுப்பினார்கள் என்பது வேறு விஷயம்.

வெயில் ஏறியது. கார் அடுப்பு மாதிரிச் சுட்டது. முதலாளி இறங்கவில்லை. இறங்கினால் தோற்ற மாதிரி. அரியமுத்து ஜாயிண்டைக் கீழே வைக்கவில்லை. மறுநாள் வாய்தா. ஒரு மணி நேரம் கழித்து அவர் என்னைக் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னார். சீட்டில் ஒரு சாக்கைப் போடு, அதன் மேல் உட்கார்ந்து ஓட்டட்டும்.

எனக்கு உயிர் வந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பிரச்சினை தீர்ந்தது என்று சந்தோஷப்பட்டேன். ஓடிப்போய் பக்கத்து டயர் கடையில் நல்ல சாக்காகப் பார்த்து வாங்கினேன், உதறினேன், மடித்து எடுத்துவந்து அரியமுத்துவிடம் நீட்டினேன். இதைப் போட்டுக்கப்பா, அவரும் இறங்கி வந்துட்டாரு, நீயும் விட்டுக் கொடு என்றேன். அவன் சாக்கைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். நாலு வருஷம் அந்த ஓட்டை வழியாக என்னோடு பேசிய முகம் அது. பிறகு சரிண்ணே என்று சாக்கை வாங்கிக்கொண்டான்.

காருக்கு அடியில் அந்தச் சாக்கை விரித்தான். அதன் மேல் மல்லாந்து படுத்தான். ஜாயிண்டைத் தூக்கி மாட்டி, ஸ்பானரால் நாலு போல்ட்டையும் முடுக்கினான். வெளியே வந்தான். கையைத் துடைத்தான், சோப்புப் போட்டுக் கழுவினான், வேட்டியில் துடைத்தான். சாக்கு அடியிலேயே கிடந்தது. டிரைவர் கதவைத் திறந்து வெறும் சீட்டில் உட்கார்ந்தான். ஒரே தட்டில் ஸ்டார்ட் ஆனது. நான் ஓடிப்போய் அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்து ஏறுவதற்குள் கார் நகர்ந்துவிட்டது, தொற்றி ஏறிக்கொண்டேன். பின் சீட்டில் முதலாளி டேய் டேய் என்றார். திரும்பிப் பார்த்தேன், பட்டறை வாசலில் அந்தச் சாக்கு மட்டும் தரையில் கிடந்தது. லாரிக்காரன் ஒருத்தன் அதை விலகிச் சுற்றிப் போனானே தவிர மிதிக்கவில்லை.

அரியலூர் ரோட்டில் முப்பது, நாற்பது, ஐம்பது. என்ஜின் அலறவில்லை. பின்னால் ஒரு முனகல் இல்லை. நான் ஆறு வருஷம் ஓட்டிய கார் அதுதானா என்று எனக்கே சந்தேகம் வந்தது. அரியமுத்து தலையைச் சற்றுச் சாய்த்து, காதைப் பின்னால் கொடுத்து ஓட்டினான். காலை எடுப்பான், கேட்பான், மிதிப்பான், கேட்பான். நிறுத்துடா என்று முதலாளி சொன்னார். டிரயல்ல இருக்கேன் சார் என்றான். எட்டாவது மைலில் ஜெயங்கொண்டம் பஸ் முன்னால் போய்க்கொண்டிருந்தது, எங்கள் ஊர்க்காரர்கள் ஏறுகிற அதே பஸ். ஹாரன் அடித்தான், தாண்டினான். முதலாளி கேட்டது அதுதானே, எந்த பஸ்ஸும் முந்தக் கூடாது. பஸ் ஜன்னல் எல்லாம் தலை. ஸ்டியரிங்கில் யார், பின்னால் யார் என்று அத்தனை பேரும் பார்த்தார்கள்.

பத்தாவது மைலில் அரியமுத்து நிறுத்தினான். இறங்கி, பின்னால் போய்க் குனிந்து, ஆக்ஸில் மேல் உள்ளங்கையை வைத்தான். ஒன்று, இரண்டு என்று சத்தமாகவே எண்ணினான். பத்து வரைக்கும் கையை எடுக்கவில்லை. முதலாளி கதவைத் திறந்து இறங்கினார். பிச்சை, நீ ஓட்டு என்றார். நான் எழுந்திருக்கப் போனேன்.

"டிரயல் பாதியிலதான் இருக்கு சார்" என்றான் அரியமுத்து. "அரியலூர் போயித் திரும்பணும். ஏறுங்க, நெழல்ல வரலாம்."

அவர் ஏறவில்லை. நாங்கள் தாண்டி வந்த பஸ் அப்போது பின்னால் வந்துகொண்டிருந்தது. அவர் நடு ரோட்டில் நின்று கையைக் காட்டினார். பஸ் நின்றது. வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறினார். அவர் ஜன்மத்தில் பஸ் ஏறி நான் பார்த்ததில்லை. பஸ் கிளம்பிப் போனது. அரியமுத்து அவசரப்படவில்லை. கையைத் துடைத்தான், உட்கார்ந்தான், கியர் போட்டான்.

இரண்டு மைலில் அந்த பஸ்ஸைப் பிடித்துவிட்டோம். ஹாரன் அடித்தான். பஸ் ஒதுங்கியது. பக்கத்தில் வரும்போது நான் அண்ணாந்து பார்த்தேன். முதலாளி நின்றுகொண்டிருந்தார். ஒரு கையால் மேல் கம்பியைப் பிடித்திருந்தார், கூட்டத்தில் அவர் துண்டு தோளிலிருந்து நழுவியிருந்தது. அவர் இடுப்புக்குப் பக்கத்துச் சீட்டில், அவருடைய வயலில் நடவு நடுகிற ஆண்டாயி, மடியில் கூடையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் எழுந்திருக்கவில்லை. அந்த பஸ்ஸில் ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. அரியமுத்து இந்த முறை கையை உயர்த்தவில்லை. இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்தன, கண் ரோட்டில் இருந்தது.

பஸ் பின்னால் சின்னதாகப் போன பிறகு, அவன் சீட்டில் கொஞ்சம் மேலும் கீழுமாக அசைந்து பார்த்தான். பிறகு காலுக்கு நடுவே சீட்டுக்குக் கீழே தெரிந்த அந்த ஓட்டையைக் குனிந்து பார்த்தான். அதன் வழியாகத் தார் ரோடு ஓடிக்கொண்டிருந்தது.

"இது வழியா கீழேருந்து பாத்தா சீட்டோட சுருள் கம்பிதாண்ணே தெரியும்" என்றான். "நாலு வருஷமா கம்பின்னே நெனச்சிட்டேன். மேல மெத்துன்னுதாண்ணே இருக்கு."